நம் பிள்ளைகள் அரசியல் சட்டம் படிக்கத்தான் வேண்டுமா?



நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் வாராந்திரச் சபை கூடும்போது, பிள்ளைகள் வரிசையில் நின்று வலக்கையை உயர்த்தி ருக்குன் நெகாரா சொல்வது யாவரும் அறிந்ததே. 1969ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்டு 31ல் பிரகடனம் செய்யப்பட்ட ஐந்து கோட்பாடுகள் அவை. முதலாவது இறைவன்மீது நம்பிக்கை; இரண்டாவது பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம்; மூன்றாவது அரசியல் சட்டத்தின் மேன்மை. ஏழு வயதில் தொடங்கிப் பதினேழு வயது வரை, இதே வாக்குறுதியை நம் பிள்ளைகள் எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பார்கள்! இறைவன்மீது நம்பிக்கை என்றால் என்ன என்று அவர்களுக்கு வீட்டிலும் மதரஸாவிலும் சொல்லித் தருகிறோம். பேரரசரின் படம் நம் கடைச் சுவரிலேயே தொங்குகிறது. ஆனால் மேன்மையானது என்று வாரந்தோறும் வாயால் ஒப்புக்கொள்ளும் அந்தச் சட்டத்தை, ஒரு தடவையேனும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த பிள்ளை நம் தெருவில் உண்டா?

நம் தொழிலில் இப்படி நடந்தால் நாம் என்ன சொல்வோம்? கூட்டு வியாபாரத்துக்கு வந்த வாலிபன் ஒருவன் பத்திரத்தைப் படிக்காமலே, "உயர்ந்த பத்திரம், உயர்ந்த பத்திரம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால், அவனை நல்லவன் என்று சொல்வோமா, ஏமாளி என்று சொல்வோமா? அவனோடு பங்கு சேரவே நமக்குப் பயம் வந்துவிடும். படிக்காமல் ஒப்புக்கொண்டவன், நாளைக்குப் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளவில்லை என்று சொன்னாலும் சொல்வான்.

பள்ளியில் எதுவுமே கற்பிக்கவில்லை என்று சொல்லவில்லை. மேல்படிவ வரலாற்றுப் பாடத்தில் அரசியல் சட்டத்தைப் பற்றிய பகுதி இருக்கிறது. 2013 முதல் வரலாற்றில் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்கும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆகவே பிள்ளைகள் கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்கிறார்கள். ரீட் குழு எந்த ஆண்டு அமைக்கப்பட்டது, சட்டத்தைத் திருத்த எத்தனை பங்கு ஆதரவு வேண்டும் என்று கேட்டால் உடனே விடை வருகிறது. தேர்வு முடிந்த மறுநாள் அது எங்கே போகிறதோ தெரியாது. நாம் இங்கே பேசப்போவது அந்த மனப்பாடத்தைப் பற்றியன்று. சட்டத்தின் வாசகத்தையே முன்னால் வைத்துக்கொண்டு, இதன் பொருள் என்ன, இதில் என் கடமை எது, எதிர்க் கட்சிக்காரனின் நியாயம் எது என்று பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை யோசித்துப் படிப்பது நல்லதா, கெட்டதா என்பதே கேள்வி.

கெட்டது என்று சொல்வோர் நம்மிடையே குறைவில்லை. அவர்கள் அறியாதவர்களும் அல்லர். கணக்கும் ஆங்கிலமும் மலாய் மொழியும் படித்துவிட்டு வந்தால் பையன் கடையைப் பார்த்துக்கொள்வான், சட்டம் படித்தால் வழக்குத்தான் பேசுவான் என்பார் ஒருவர். நாம் சிறுபான்மையினர், வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் இத்தனை காலம் நிம்மதியாக வியாபாரம் செய்ய முடிந்தது என்பார் இன்னொருவர். இந்த இரண்டாவது பேச்சை அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடாது. கடன்பட்டு, கப்பலேறி வந்து, ஒட்டுக்கடையில் தொடங்கி, ஒரு குடும்பத்தை நிலைநிறுத்திய தலைமுறையின் அனுபவம் அதில் பேசுகிறது. ஆயினும் அந்தத் தலைமுறைக்கும் இன்றைய பிள்ளைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் இந்த நாட்டைத் தேடி வந்தார்கள். வரலாம், போகலாம், ஊரில் வீடு இருந்தது. இன்றைய பிள்ளை இங்கேயே பிறந்தவன். எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாமலே இந்தக் கூட்டு வியாபாரத்தில் பங்காளி ஆகிவிட்டவன்.

இங்கேதான் உண்மையான தர்க்கம் ஒன்று எழுகிறது. கையெழுத்துப் போடாத ஒருவனை ஓர் ஒப்பந்தம் எப்படிக் கட்டுப்படுத்தும்? நம் நாட்டு அரசியல் சட்டம் 1957ல் நடைமுறைக்கு வந்தபோது இன்றைய மாணவனின் பாட்டனாரே சிறுவராக இருந்திருப்பார். அதை வகுத்த ரீட் குழுவில் இருந்த ஐவரில் ஒருவர்கூட மலாயாவைச் சேர்ந்தவர் அல்லர். ரீட் பிரபுவும் சர் ஐவர் ஜென்னிங்ஸும் பிரிட்டனிலிருந்து வந்தார்கள். சர் வில்லியம் மெக்கெல் ஆஸ்திரேலியர். மாலிக் இந்தியாவிலிருந்தும் அப்துல் ஹமீத் பாகிஸ்தானிலிருந்தும் வந்த நீதிபதிகள். அவர்கள் கொடுத்த நகலை ஆட்சியாளர்களின் பிரதிநிதிகளும் கூட்டணித் தலைவர்களும் ஆங்கிலேயரும் உட்கார்ந்து திருத்தினார்கள். அப்போது பிறக்காத பிள்ளை இதற்கு எப்போது சம்மதம் கொடுத்தான்?

தகப்பனார் மவுத்தான பிறகு கடையை ஏற்கும் மகனை நினைத்துப் பாருங்கள். கடையோடு கடனும் வருகிறது. வாடகை ஒப்பந்தமும் வருகிறது. தகப்பனார் யாருக்கோ கொடுத்த வாய்ச்சொல்லும் வருகிறது. "நான் சொல்லவில்லையே" என்று மகன் சொல்லிவிட முடியாது. ஆனால் அவன் பேரேட்டைத் திறந்து பார்க்கலாம். பங்காளிகளைக் கூப்பிட்டுப் பேசலாம். எல்லோரும் சம்மதித்தால் பத்திரத்தை மாற்றியும் எழுதலாம். இதையெல்லாம் அறிந்து, பார்த்து, பிறகும் கடையைத் தொடர்ந்து நடத்துகிறான் என்றால், அந்த நடத்தையே அவன் சம்மதம். பார்க்காமல் நடத்துகிறவனிடம் இருப்பது சம்மதமாகாது. அது வெறும் பழக்கம். பிறப்பால் பிரஜை ஆனவன் மனமறிந்து சம்மதம் கொடுக்க ஒரு வழி உண்டென்றால் அது பேரேட்டைத் திறப்பதுதான். அதற்கு உரிய வயது, அவன் வாக்குப் போடும் வயதுக்குச் சற்று முந்திய வயது.

அந்த வயதும் இப்போது இறங்கிவிட்டது. வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18க்குக் குறைக்கும் திருத்தம் 2019 ஜூலை 16ல் மக்களவையில் 211 வாக்குகளோடு, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மனுக் கொடுக்காமலே பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடுகிறது. ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிவிட்டு, முடிவு வரும்வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் பையன், அடுத்த பிறந்த நாளில் வாக்காளன். பள்ளியை விட்ட பிறகு படித்துக்கொள்ளட்டும் என்று முன்பு சொல்ல முடிந்தது. இப்போது அதற்குக் காலம் எங்கே?

சட்டம் படிப்பதால் வியாபாரிக்கு என்ன பயன் என்று கேட்டவருக்கு ஓர் உதாரணம். 153-ஆவது ஷரத்து என்ற பெயரைக் கேள்விப்படாத வியாபாரி இல்லை. மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைப் பாதுகாக்கும் ஷரத்து அது. சபா சரவாக் பூர்வீகக் குடிகளும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டார்கள். காப்பிக்கடையில் பெருமூச்சோடும், சில சமயம் கசப்போடும் அதைச் சொல்கிறோம். ஆனால் அதன் முதல் உட்பிரிவிலேயே, மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்களையும் பேரரசர் காக்க வேண்டும் என்று சேர்த்து எழுதியிருப்பதை எத்தனை பேர் அறிவோம்? ஏழாவது உட்பிரிவைப் பாருங்கள். ஒருவர் ஏற்கெனவே வைத்திருக்கும் லைசென்சையோ பெர்மிட்டையோ இந்த ஷரத்தைக் காட்டிப் பறிக்க முடியாது. வழக்கமான முறையில் புதுப்பிக்கப்படும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய லைசென்சைப் புதுப்பிக்க மறுப்பதற்கும், அவருடைய வாரிசுக்குக் கொடுக்க மறுப்பதற்கும் இந்த ஷரத்து ஆதாரமாகாது. ஒன்பதாவது உட்பிரிவு, மலாய்க்காரர்களுக்கும் அந்தப் பூர்வீகக் குடிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே ஒரு வியாபாரத்தைக் கட்டுப்படுத்த இந்த ஷரத்து பார்லிமெண்டுக்கு அதிகாரம் தரவில்லை என்கிறது.

இதைப் படித்ததால் நகராண்மைக் கழக முகப்பில் போய் யாரும் சண்டை போடப்போவதில்லை. ஆனால் இதைப் படித்த பிள்ளையின் மனத்தில், "இந்த நாட்டின் சட்டம் நமக்கு விரோதமானது" என்ற நஞ்சு ஊறாது. ஒரு தரப்புக்கு ஒரு பாதுகாப்பு, மறு தரப்புக்கு ஓர் உறுதி என்று பேரம் பேசி எழுதிய பத்திரம் இது என்பது அவனுக்கு விளங்கும். அரைகுறையாய்க் கேள்விப்பட்டவனிடம் இருப்பது மனக்குறை. முழுதும் படித்தவனிடமும் குறை இருக்கலாம், ஆனால் எந்த இடத்தில் குறை, எவ்வளவு குறை என்று அவனால் சொல்ல முடியும். கணக்கப்பிள்ளை "நஷ்டம் போலத் தெரிகிறது" என்று சொல்வதற்கும் ஐந்தொகையைப் போட்டுக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

இந்த ஷரத்தைப் பற்றிப் பேசினாலே குற்றம் என்று பயப்படுவோர் உண்டு. பயத்துக்குக் காரணமும் உண்டு. 1971ல் சேர்க்கப்பட்ட 10-ஆவது ஷரத்தின் நான்காம் உட்பிரிவு, பிரஜா உரிமை, தேசிய மொழி, சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் இறைமை ஆகியவற்றை ஆட்சேபித்துப் பேசுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப் பார்லிமெண்டுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் அதே உட்பிரிவு, அவை எவ்வாறு நடைமுறைப்படுத்தப்படுகின்றன என்பதைப் பற்றிய பேச்சை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. படிப்பது ஆட்சேபிப்பது ஆகாது. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அறியாதவன்தான் பயத்தால் ஊமையாகிறான், அல்லது கோபத்தால் எல்லை மீறுகிறான். வாலிபர்களுக்கு இரண்டும் ஆபத்து. இணையத்தில் எதையும் எழுதிவிடுகிற இந்தக் காலத்தில் இரண்டாவது அதிக ஆபத்து.

இனி, சட்டம் படித்தால் பிள்ளை வழக்காடுபவன் ஆகிவிடுவான் என்ற ஆட்சேபத்துக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நெகிரி செம்பிலான் மாநிலத்து செர்த்திங்கில், பள்ளிக்குத் தலைப்பாகை அணிந்து வந்த மூன்று முஸ்லிம் சிறுவர்கள் 1997ல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மத சுதந்திரத்தைக் கூறும் 11-ஆவது ஷரத்தைக் காட்டி அவர்கள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. 1999ல் உயர் நீதிமன்றம் சிறுவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2004ல் மேல் முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2006ல் கூட்டரசு நீதிமன்றம் பள்ளியின் பக்கமே முடிவு செய்தது. அந்தப் பழக்கம் மார்க்கத்தில் எவ்வளவு முக்கியமானது, தடை முழுமையானதா அல்லது பள்ளி நேரத்துக்கு மட்டுமா, எந்தச் சூழ்நிலையில் தடை செய்யப்பட்டது என்றெல்லாம் ஆராய்ந்து நீதிபதிகள் அம்முடிவுக்கு வந்தார்கள்.

இந்த வழக்கை ஒரு வகுப்பில் வைத்தால் என்ன நடக்கும்? நம் பையன் முதலில் சிறுவர்களின் பக்கம்தான் பேசுவான், அது இயல்பு. அப்போது ஆசிரியர், "நீ இப்போது பள்ளித் தலைமையாசிரியரின் வக்கீலாக நின்று பேசு" என்று சொல்ல வேண்டும். ஒரே மாதிரி உடை எதற்கு என்று யோசித்து, தன் மனத்துக்குப் பிடிக்காத பக்கத்துக்காக நேர்மையாகப் பேசிப் பார்க்கிற பிள்ளை, வீண் வழக்காடுபவன் ஆகமாட்டான். மூன்று நீதிமன்றங்களில் கற்றறிந்த நீதிபதிகளே வேறுபட்டார்கள் என்று அறிந்தவன், தனக்கு எதிராகப் பேசுகிறவனை உடனே அயோக்கியன் என்று சொல்லத் தயங்குவான். இந்தத் தயக்கம் நம் சங்கக் கூட்டங்களிலும் சற்று இருந்தால் நன்றாயிருக்கும். அது வேறு கதை.

இவையெல்லாம் பயனைப் பற்றிய பேச்சு. தர்மத்தைப் பற்றிய பேச்சு இதற்கு மேல் இருக்கிறது. உரிமைகளைப் படிக்கிற பிள்ளை யாருடைய உரிமையை முதலில் படிக்க வேண்டும்?

நம்மில் பலர் மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள். 12-ஆவது ஷரத்தின் மூன்றாம் உட்பிரிவு, தன் மதமல்லாத வேறு மதத்தின் போதனையைப் பெறவோ அதன் சடங்கில் கலந்துகொள்ளவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. மிஷன் பள்ளி வாசலில் நம் பிள்ளையைக் காத்து நிற்கும் அதே வரிதான், தேசியப் பள்ளியில் தோட்டத்துப் பிள்ளை முனியம்மாவையும் சீனக் கடைக்காரர் மகனையும் காத்து நிற்கிறது. நம் பிள்ளைக்கு வேண்டும்போது இந்த வரியை எடுத்துக்காட்டிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு வேண்டும்போது புத்தகத்தை மூடிவிட்டால், நாம் வைத்திருப்பது உரிமையாகாது. இரண்டு எடைக்கல் வைத்து வியாபாரம் செய்தவனின் கதி என்ன என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

மூன்றாவது ஷரத்தும் அப்படியே. ரீட் குழுவின் பெரும்பான்மையோர் மதத்தைப் பற்றி ஏதும் எழுதாமல் விட்டார்கள். நீதிபதி அப்துல் ஹமீத்தான் தனிக் குறிப்பெழுதி, இஸ்லாம் நாட்டின் மதம் என்று சேர்க்கலாம், அதனால் பிறருக்குத் தீங்கில்லை என்று சொன்னவர். பின்னர் அது சேர்ந்தது. ஆனால் மற்ற மதங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் கைக்கொள்ளலாம் என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. நம் வாலிபர்களில் சிலர் வாக்கியத்தின் முற்பகுதியை மட்டும் நெட்டுருப் போட்டிருக்கிறார்கள். பிற சமூகத்து நண்பர்கள் சிலர் பிற்பகுதியை மட்டும். ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டிப் பங்கு போட்டுக்கொண்ட கதை இது.

திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம், சூரத்துல் பகராவில், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை வியாபாரிகளாகிய நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவரா, வாங்கியவரா? வாங்கியவர். யார்மீது பொறுப்பு விழுகிறதோ அவரே அதைத் தம் வாயால் சொல்லி எழுதுவிக்க வேண்டும். அவர் பலவீனராயிருந்தால் அவருடைய பொறுப்பாளர் நியாயமாகச் சொல்ல வேண்டும். தனக்கு வரவேண்டியதை எவனும் மறக்கமாட்டான். தான் கொடுக்க வேண்டியதைத் தன் வாயால் சொல்லக் கற்பதுதான் கடினம். அரசியல் சட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர் இந்த முறையில் தொடங்கினால் நல்லது என்பது நமது அபிப்பிராயம். எனக்கு என்ன உரிமை என்று கேட்கும் முன், என் பக்கத்து மேசைப் பிள்ளைக்கு நான் எதைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று வாய்விட்டுப் படிக்கட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, நம் சமூகத்துக்கே உரிய ஒரு கஷ்டத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 160-ஆவது ஷரத்து, அரசியல் சட்டத்தில் வரும் சொற்களுக்குப் பொருள் கூறுகிறது. மலாய்க்காரர் என்பவர் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் மொழி பேசுபவர், மலாய்ப் பழக்க வழக்கங்களைக் கைக்கொள்பவர் என்று அது சொல்கிறது. சுதந்திர நாளுக்கு முன் கூட்டரசிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர், அல்லது அந்நாளில் அங்கே குடியிருந்தவர், அவர்களின் சந்ததியார் என்ற நிபந்தனையும் உண்டு. பினாங்கில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் தமிழ் முஸ்லிம் பிள்ளை இதை வகுப்பில் படிக்கிறான் என்று வையுங்கள். முதல் அம்சம் அவனிடம் இருக்கிறது. பிறப்பு நிபந்தனையும் பொருந்துகிறது. மீதி இருப்பவை மொழியும் பழக்கமும். அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்து, "அத்தா, அப்படியென்றால் நாம் யார்?" என்று கேட்பான்.

இந்தக் கேள்விக்குப் பயந்தே சட்டத்தை ஒளித்து வைக்க நினைப்போரும் உண்டு. ஒளித்து வைத்தால் கேள்வி போய்விடுமா? பள்ளியில் சேர்க்கும் மனுவில் இனம் என்ற கட்டத்தை நிரப்பும்போதும், உபகாரச் சம்பளத்துக்கு எழுதும்போதும், வீடு வாங்கும்போதும் அது வரத்தான் போகிறது. விண்ணப்பத் தாளின் முன்னால் அவசரமாக விடை தேடுவதைவிட, வகுப்பறையில் நிதானமாகக் கேட்பது மேல்.

நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அந்த ஷரத்து, அரசியல் சட்டத்தின் காரியத்துக்காக ஒரு சொல்லுக்குப் பொருள் வகுக்கிறது. ஒரு மனிதனின் பாட்டி எந்த மொழியில் தாலாட்டினாள் என்பதை அது தீர்ப்பதில்லை. கொண்டும் கொடுத்தும், தலைமுறை தலைமுறையாகக் கலந்து, மலாய்க்காரர்களாகவே ஆகிவிட்ட குடும்பங்கள் பினாங்கில் பல; அவர்கள் செய்ததில் குற்றம் ஏதும் இல்லை, வாழ்க்கை அவர்களை அப்படிக் கொண்டுபோயிற்று. ஆனால் சலுகையைக் கணக்குப் பார்த்து, அதற்காகவே வீட்டில் தமிழை நிறுத்துகிறவர் தம் நிய்யத்தைத் தாமே சோதித்துக்கொள்ளட்டும். சட்டம் அவரை அவ்விதம் செய்யச் சொல்லவில்லை. 152-ஆவது ஷரத்து மலாய் மொழியைத் தேசிய மொழியாக்கிய கையோடு, அதிகாரபூர்வக் காரியங்களுக்கு அல்லாமல் வேறு மொழியைப் பயன்படுத்துவதையும், அதைக் கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்கலாகாது என்று எழுதி வைத்திருக்கிறது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று தொடுத்த வழக்கில், 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல் முறையீட்டு நீதிமன்றமும் அவை விரோதமானவை அல்ல என்றே தீர்ப்பளித்தன. பையன் 160ஐப் படித்த அன்றே 152ஐயும் படித்தால், "நாம் யார்" என்ற கேள்வியைப் பயமில்லாமல் கேட்பான். விடையை அவன் வயதுக்கு வந்து, தானே சொல்லிக்கொள்ளட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டம் ஆண்களுக்குரிய படிப்பு என்று நினைப்போர் பிரஜா உரிமை விதிகளைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தானாகப் பிரஜா உரிமை கிடைப்பதற்கு, தந்தை பிரஜையாக இருக்க வேண்டும் என்று 1957 முதல் எழுதியிருந்தது. தாய் மட்டும் பிரஜை என்றால் அந்த உரிமை தானாக வராது. இதன் வலி நம் வீடுகளுக்குப் புதிதன்று. ராமநாதபுரத்துக்கோ தஞ்சைக்கோ பெண் கொடுத்து, பேரப்பிள்ளை அங்கே பிறந்து, விசாவும் கையுமாக அலைந்த குடும்பங்கள் உண்டு. மாப்பிள்ளை இந்த நாட்டவர், பெண் ஊர்க்காரி என்றால் சிக்கல் இல்லை. பெண் இந்த நாட்டவள் என்றால் சிக்கல். ஒரே ஒரு சொல், தந்தை என்ற சொல், அத்தனைக்கும் காரணம். அந்த இடத்தில் தாயையும் சேர்க்கும் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. அதற்காக ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டு, நீதிமன்றம் ஏறி இறங்கியவர்கள் தாய்மார்கள்தான்.

பள்ளிக்கூடம் இதையெல்லாம் நாளைக்கே செய்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆசிரியருக்குப் பாடத்திட்டம், மாணவனுக்குத் தேர்வு, இருவருக்கும் நேரமில்லை. நம் சங்கங்களுக்கு நேரம் இருக்கிறது, இடமும் இருக்கிறது. வழக்கறிஞர்களாக இருக்கும் நம் பிள்ளைகளும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விருந்துக்கு மட்டும் அவர்களை அழைக்கிறோம். சனிக்கிழமை பிற்பகலில் இரண்டு மணி நேரம், சங்க மாடியில், நான்காம் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் இருபது பேரை, ஆண்களும் பெண்களுமாக உட்கார வைத்து, ஒரு தடவைக்கு ஒரு ஷரத்து என்று படிக்கச் செய்தால் போதும். அக்கம்பக்கத்து மலாய், சீன, இந்துப் பிள்ளைகளையும் கூப்பிட வேண்டும் என்பது நம் ஆசை. அவர்கள் இல்லாமல், அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியதை நாமே பேசி நாமே தலையாட்டிக்கொள்வதில் சுவை இல்லை. சட்ட நூல் கடைகளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் மலிவு விலைப் பதிப்பாகவே கிடைக்கிறது; ஒரு வேளைப் பிரியாணிச் செலவுக்குள் அடங்கும்.

சங்கம் தொடங்கும்வரை காத்திருக்க மனமில்லாதவர்கள், தேர்வு முடிந்து கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மகனிடமோ மகளிடமோ அந்தப் புத்தகத்தைக் கொடுத்து, மாலையில் கூட்டம் குறைந்த நேரத்தில் 12, 13, 152, 153, 160 ஆகிய ஐந்து ஷரத்துகளையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். பதின்மூன்றாவது, சொத்தைப் பற்றியது. தகுந்த நஷ்டஈடு இல்லாமல் எவருடைய சொத்தையும் கட்டாயமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்கிறது. அதைப் படிக்கும்போது மட்டும் வியாபாரிகள் யாரும் தூங்கமாட்டார்கள்.